முதல் 25 மைல்: நெடுந்தூரக் குதிரை ஓட்டத்தில் புதியவரை இனங்கண்டு பாராட்டுவது எப்படி?

1955-ஆம் ஆண்டு வெண்டல் ராபி என்பவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் தாஹோ ஏரிப் பக்கமிருந்து புறப்பட்டு, சியரா நெவாடா மலைகளைக் கடந்து, 100 மைல் தொலைவிலுள்ள ஆபர்ன் நகருக்கு 24 மணி நேரத்துக்குள் குதிரையில் வந்து சேர்ந்தார்கள். கலிபோர்னியாவில் நடந்த அந்தச் சவாரிதான் டெவிஸ் கோப்பை ஓட்டமாக இன்றும் தொடர்கிறது. அதைப் பார்த்து அமெரிக்காவின் பல மாநிலங்களில் நெடுந்தூர ஓட்டங்கள் முளைத்தன. 1972-இல் அவற்றை ஒழுங்குபடுத்த ‘அமெரிக்கன் எண்டூரன்ஸ் ரைடு கான்ஃபரன்ஸ்’ உருவானது. சுருக்கமாக ஏஇஆர்சி. ‘முடித்தாலே வெற்றி’ என்பது அதன் முழக்கம்.

இந்த அமைப்பின் கணக்கில் 50 மைலும் அதற்கு மேலும் ஓடுவதுதான் எண்டூரன்ஸ். 25 முதல் 35 மைல் வரையுள்ள ஓட்டத்துக்கு ‘லிமிடெட் டிஸ்டன்ஸ்’ என்று பெயர். முகாமில் எல்லோரும் எல்டி என்பார்கள். அதற்கும் கீழே 10, 15 மைல் அறிமுகச் சவாரிகள் உண்டு. விளையாட்டுக்குள் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாகவே நுழைகிறார்கள்.

அந்த வாசலில் நாம் எதற்காகக் கைதட்டுகிறோமோ, அதையே அவர்கள் அடுத்த ஓட்டத்திலும் செய்வார்கள். வேகத்துக்குக் கைதட்டினால் குதிரையை விரட்டுவார்கள். நிதானத்துக்கும் குதிரைப் பராமரிப்புக்கும் கைதட்டினால் அந்தக் குதிரை பத்தாண்டு கழித்தும் பாதையில் இருக்கும். ஆகவே புதியவரைப் பாராட்டுவது வெறும் உபசாரம் அன்று, குதிரையின் நலம் சார்ந்த வேலை. ஓட்டம் நடத்துபவர்களும் தன்னார்வலர்களும் அதைச் செய்யும் முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: யார் புதியவர் என்று முதலில் தீர்மானியுங்கள்

எல்டி ஓட்டத்தில் கலந்துகொள்ளும் எல்லோரும் புதியவர்கள் என்று எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. முதுகுவலியோ மூட்டுவலியோ உள்ளவர்கள், வேலைக்கு நடுவே பயிற்சிக்கு நேரம் கிடைக்காதவர்கள், வயதான குதிரையை மெல்ல ஓட்ட விரும்புபவர்கள் என்று பலர் ஆண்டுக்கணக்காக எல்டி மட்டுமே ஓடுகிறார்கள். அவர்களை ‘ஆரம்பநிலை’ என்று அழைத்தால் அது அவமதிப்பாகும். தூரத்தை வைத்து அனுபவத்தை அளக்காதீர்கள்.

புதியவர்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது நல்லது. அனுபவமுள்ள குதிரையில் வரும் புதிய சவாரிக்காரர் முதல் வகை. குதிரைக்கு வழி தெரியும், இவருக்குத் தெரியாது. அனுபவசாலி புதிய குதிரையோடு வருவது இரண்டாவது வகை. இவருக்கு வழிகாட்டல் தேவையில்லை, பாதையில் மற்றவர்கள் விலகி இடம் கொடுத்தால் போதும். சவாரிக்காரர், குதிரை இருவருமே புதிது என்பது மூன்றாவது வகை. உங்கள் கவனத்தில் பெரும்பகுதி இவர்களுக்கே போக வேண்டும்.

படி 2: பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள்

‘நீங்கள் புதியவரா?’ என்று மொட்டையாகக் கேட்டால் பலர் கூச்சப்பட்டு ‘இல்லை’ என்றே எழுதுவார்கள். வளையத்துக்குள் தடை தாண்டிப் பரிசு வாங்கியவர் தன்னைப் புதியவராக நினைக்கவே மாட்டார். ஆனால் மலைப்பாதையில் ஆறு மணி நேரம் சவாரி செய்வது அவருக்கும் புதிதுதான். எனவே பதில் தானாக வெளிப்படும் கேள்விகளைக் கேளுங்கள்:

- இதுவரை எத்தனை நெடுந்தூர ஓட்டங்களை முடித்திருக்கிறீர்கள்?
- இந்தக் குதிரையோடு ஒரே நாளில் சென்ற அதிகபட்ச தூரம் எவ்வளவு?
- குதிரையின் வயது என்ன?
- கூட்டமாக மற்றக் குதிரைகளோடு போன பழக்கம் அதற்கு உண்டா?
- உங்களுக்குத் துணை வரும் அனுபவசாலி யாராவது உண்டா?

வயதுக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஏஇஆர்சி விதிப்படி எல்டி ஓட குதிரைக்கு 4 வயதும், 50 மைல் ஓட 5 வயதும் நிறைந்திருக்க வேண்டும். 16 வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியர் என்றால், பொறுப்பேற்கும் பெரியவர் ஒருவர் பாதை முழுக்கக் கூடவே சவாரி செய்ய வேண்டும். அவர் பெயரையும் பதிவின்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: முகாமில் கண்ணால் பாருங்கள்

படிவம் சொல்லாததை முகாம் சொல்லும். ஓட்டத்துக்கு முந்தைய நாள் மாலை குதிரைகள் வந்து இறங்கும்போது முகாமை ஒருமுறை நடந்து சுற்றுங்கள். கட்டிய இடத்தில் குதிரை ஓயாமல் வட்டமடிக்கிறதா? தண்ணீர் வாளியைத் தொடாமலே நிற்கிறதா? பையிலிருந்து எடுத்த புத்தம்புதுச் சேணத்தை நாளைக்குத்தான் முதல்முறை பூட்டப்போகிறார்களா? சேணப் பை நிரம்பி வழிகிறதா?

முதல் மருத்துவப் பரிசோதனை இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். கால்நடை மருத்துவர் முன்னால் குதிரையைத் தலைக்கயிற்றில் பிடித்தபடி நேர்கோட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். பழகாத குதிரை பின்னுக்கு இழுக்கும். பழகாத ஆள் திரும்பி அதன் முகத்தைப் பார்த்தபடியே இழுப்பார். முன்னால் பார்த்து ஓடினால் குதிரையும் கூடவே ஓடிவரும் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

மறுநாள் பாதையில் வேறு அடையாளங்கள் தென்படும். முதல் சில மைல்களில் முன்னணிக் குதிரைகளின் பின்னால் பறப்பவர், தண்ணீர்த் தொட்டியில் குதிரை குடித்து முடிக்கும் முன்பே கிளம்புபவர், பரிசோதனை இடம் வரை ஓட்டத்திலேயே வந்து இறங்குபவர், இறங்கியதும் சேணத்தைத் தளர்த்தாமல் தன் தண்ணீர்ப் புட்டியைத் தேடுபவர் ஆகியோருக்கு உங்கள் உதவி தேவை. இவற்றைக் குறையாக எழுதிவைக்காதீர்கள். எங்கே ஒரு தன்னார்வலரை நிறுத்த வேண்டும் என்று சொல்லும் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அடையாளம் கொடுங்கள், முத்திரை குத்தாதீர்கள்

பாதையில் வாலில் கட்டும் ரிப்பன் பழைய வழக்கம். சிவப்பு என்றால் உதைக்கும் குதிரை. பச்சை என்றால் அனுபவமில்லாத குதிரை. இந்தப் பச்சை ரிப்பனைப் பதிவு மேசையிலேயே வைத்திருங்கள், இலவசமாகக் கொடுங்கள், கட்டுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். இரவு நடக்கும் பொதுக்கூட்டத்தில் ரிப்பன்களின் பொருளை எல்லோருக்கும் சொல்லுங்கள். பச்சை ரிப்பனைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, இடம் கேட்டுத் தாண்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் அந்த ரிப்பன் வேலை செய்யும்.

பொதுக்கூட்டத்துக்கு முன்னால் புதியவர்களுக்கென்று அரை மணி நேரத் தனிக்கூட்டம் வையுங்கள். நூறு பேர் நடுவில் கேட்கத் தயங்கும் கேள்விகளைப் பத்துப் பேர் நடுவில் கேட்பார்கள். பாதை அடையாளங்களை எப்படிப் படிப்பது, வழி தவறினால் என்ன செய்வது, கட்டாய ஓய்வு எத்தனை நிமிடம் ஆகியவற்றைச் சொன்னால் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த சவாரிக்காரரை அறிமுகப்படுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்படும்போதுதான் புதிய குதிரைகள் கிளர்ச்சி அடைகின்றன. கூட்டம் போனபின் பத்து நிமிடம் கழித்துக் கிளம்புமாறு புதியவர்களுக்குச் சொல்லுங்கள். கடிகாரம் மற்றவர்களோடு சேர்ந்தே ஓடும். ஆனாலும் 25 மைலுக்கு 6 மணி நேரம் இருக்கும்போது அந்தப் பத்து நிமிடம் ஒரு இழப்பே இல்லை. அமைதியாகத் தொடங்கும் குதிரை பிற்பகுதியில் அதை ஈடுகட்டிவிடும்.

படி 5: மருத்துவ அட்டையை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்

நெடுந்தூர ஓட்டத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு மருத்துவ அட்டை உண்டு. நாடித்துடிப்பு, ஈறின் நிறமும் ஈரமும், ஈறை அழுத்தி எடுத்தபின் ரத்தம் திரும்பும் வேகம், கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் அது சமன்படும் வேகம், குடல் ஓசை, முதுகு, நடை, உற்சாகம் எல்லாவற்றையும் மருத்துவர் பார்த்து, பெரும்பாலும் ஏ, பி, சி என்று குறிப்பார். புதியவர் அந்த அட்டையைக் கையில் வாங்கி, மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். போகவிடாதீர்கள். பரிசோதனை முடிந்து வரும் இடத்தில் விவரம் தெரிந்த ஒருவரை நிறுத்தி, ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று இரண்டே நிமிடம் விளக்கச் சொல்லுங்கள்.

உதாரணமாகக் குடல் ஓசை குறைந்திருந்தால், உடலின் ரத்த ஓட்டம் தசைகளின் பக்கம் திரும்பி, செரிமானம் மந்தமாகிறது என்று பொருள். குதிரைக்கு நீரும் புல்லும் ஓய்வும் தேவை. இதைப் புரிந்துகொண்டவர் அடுத்த சுற்றில் தானாகவே வேகத்தைக் குறைப்பார்.

துடிப்பு மீளும் சோதனையையும் விளக்குங்கள். முதலில் துடிப்பை எண்ணுவார்கள். பிறகு குதிரையை 125 அடி ஓட்டிச் சென்று திருப்பி 125 அடி ஓட்டி வர வேண்டும். ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுவார்கள். இரண்டாவது எண் முதல் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் குதிரை நன்றாக மீள்கிறது. கணிசமாகக் கூடியிருந்தால் களைப்போ வலியோ உள்ளே ஒளிந்திருக்கிறது.

எல்டியில் இன்னொரு சிறப்பு விதி உண்டு. கோட்டைத் தாண்டியதும் ஓட்டம் முடிந்துவிடாது. குதிரையின் துடிப்பு நிமிடத்துக்கு 60 ஆக இறங்கும் நொடிதான் முடிவு நேரம், அதுவும் வந்து சேர்ந்த 30 நிமிடத்துக்குள் இறங்கியாக வேண்டும். கடைசி மைலில் குதிரையை விரட்டி வருபவர் துடிப்பு இறங்கக் காத்து நிற்பார். கடைசி அரை மைல் இறங்கி நடந்து வருபவர் அவருக்கு முன்பே முடித்துவிடுவார். புதியவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. விதியே ஆசிரியராக நிற்கிறது.

படி 6: பரிசுகளை வேகத்திலிருந்து பிரியுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். மற்ற அமைப்புகளும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன. சர்வதேசக் குதிரைச் சவாரிக் கூட்டமைப்பான எஃப்இஐ, தகுதி பெறுவதற்கான தொடக்க ஓட்டங்களில் மணிக்கு 16 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு வைத்திருக்கிறது. 1961-இல் தொடங்கிய வட அமெரிக்க ட்ரெயில் ரைடு கான்ஃபரன்ஸ் புதியவர்களுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. அங்கே முதலில் வருவதற்குப் பரிசு இல்லை; குதிரையின் நிலையை ஒரு நடுவரும், சவாரிக்காரர் குதிரையைக் கையாளும் விதத்தை இன்னொரு நடுவரும் மதிப்பிட்டு, குறிப்புகள் எழுதிய அட்டையைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்.

உங்கள் ஓட்டத்தில் புதியவர்களுக்கு நீங்கள் தரத்தக்க பரிசுகள் இவை:

- முதல் நிறைவுப் பரிசு. வாழ்நாளில் முதன்முறையாக ஓட்டம் முடித்த ஒவ்வொருவருக்கும். இடம் எது என்று பார்க்கவே வேண்டாம்.
- உயர்ந்த மருத்துவ மதிப்பெண். புதியவர்களின் குதிரைகளில் எதன் நிலை மிக நன்று என்று மருத்துவரே சொல்லட்டும்.
- ஆமைப் பரிசு. நேரத்துக்குள் கடைசியாக முடித்தவருக்கு. பல முகாம்களில் பலத்த கைதட்டல் கிடைப்பது இதற்குத்தான்.
- சிறந்த பராமரிப்பு. குதிரைக்குத் தண்ணீர் காட்டிய விதம், குளிர்வித்த விதம், ஓய்வில் கவனித்த விதம் பார்த்துத் தன்னார்வலர்கள் தேர்ந்தெடுப்பது.

‘பெஸ்ட் கண்டிஷன்’ பரிசை அப்படியே புதியவர்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். முதல் பத்து இடங்களில் வந்த குதிரைகளுக்குள் தேர்ந்தெடுக்கும் பரிசு அது. மருத்துவ மதிப்பெண் 500, நேரத்துக்கு 200, சுமந்த எடைக்கு 100 என்பது அதன் கணக்கு. முதலில் வந்தவரைவிடத் தாமதமான ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு புள்ளி குறையும். முன்னணியில் ஓடத் தெரிந்தவர்களுக்கு அது நியாயமான அளவுகோல். புதியவர் அதைக் குறிவைத்தால் தன் குதிரையின் எல்லை தெரியாமலே வேகம் கூட்டுவார். நேரத்தையும் எடையையும் விட்டுவிட்டு மருத்துவ மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: விலகியவரையும் மேடைக்கு அழையுங்கள்

டெவிஸ் கோப்பையில் புறப்படுபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் முடிக்கிறார்கள். ஆக, விலகல் இந்த விளையாட்டின் இயல்பான பகுதி. குதிரை நொண்டினால் ஒரு குறியீடு, உடல்நிலை தளர்ந்தால் ஒரு குறியீடு, நேரம் கடந்தால் ஒரு குறியீடு என்று முடிவுப் பட்டியலில் காரணத்தோடு பதிவாகும். குதிரை நலமாக இருக்கும்போதே சவாரிக்காரர் தானாக நிறுத்திக்கொண்டால் அதற்கும் ‘ரைடர் ஆப்ஷன்’ என்று தனிக் குறியீடு உண்டு.

‘இன்று என் குதிரை வழக்கம்போல் இல்லை’ என்று ஒரு புதியவர் 15-ஆவது மைலில் நிறுத்தினால், அவர் கற்றுக்கொண்டது 25 மைல் முடித்த பலர் கற்காத பாடம். அவர் பெயரையும் சொல்லுங்கள். சரியான நேரத்தில் நிறுத்தியதற்காகக் கைதட்டச் சொல்லுங்கள். வெறுங்கையோடு தலைகுனிந்து வண்டியேறும் புதியவர், அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் நிறுத்த மாட்டார். அதன் விலையைக் குதிரைதான் கொடுக்கும்.

படி 8: விழாவைச் சரியான நேரத்தில், சரியான சொற்களோடு நடத்துங்கள்

காலை 7 மணிக்குப் புறப்பட்ட 25 மைல் ஓட்டத்தின் நேர வரம்பு பகல் 1 மணி. அதன்பின் கடைசிக் குதிரையின் பரிசோதனை முடிய வேண்டும், அதைக் குளிர்வித்து, தீனி வைத்து, நிழலில் கட்ட வேண்டும். 1 மணிக்கே விழா தொடங்கினால் மெதுவாக வந்தவர்கள் குதிரையின் பக்கத்தில் நின்றுகொண்டு தூரத்திலிருந்து தங்கள் பெயரைக் கேட்பார்கள். இரண்டரை அல்லது மூன்று மணிக்கு வையுங்கள். கடைசியாக வந்தவர் அமர்ந்தபின் ஆரம்பியுங்கள்.

பெயரை வாசிக்கும்போது குதிரையின் பெயரையும் சேர்த்து வாசியுங்கள். ‘அருமை, அபாரம்’ என்று எல்லோருக்கும் ஒரே சொல்லை அள்ளித் தெளிக்காதீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்: ‘இரண்டாவது சுற்றில் குடல் ஓசை குறைந்தது. இவர் ஓய்வு நேரம் முடிந்தும் கிளம்பாமல் குதிரை சாப்பிடும்வரை காத்திருந்தார். முடிவில் ஓசை முழுதாகத் திரும்பியது.’ இப்படிச் சொன்னால் கேட்பவர் அத்தனை பேருக்கும் அது பாடமாகிறது, பாராட்டப்படுபவருக்கும் தான் செய்தது எது என்று விளங்குகிறது. இதற்காகப் பகல் முழுக்கத் தன்னார்வலர்களிடம் சின்னக் குறிப்பேடு ஒன்று இருக்கட்டும்.

பரிசுப்பொருள் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. குளம்பு சுரண்டி, கடற்பஞ்சு, தலைக்கயிறு, தண்ணீர் வாளி என்று மறுநாளே பயன்படும் பொருளாகப் பார்த்துக் கொடுங்கள்.

படி 9: விழா முடிந்ததும் விட்டுவிடாதீர்கள்

ஏஇஆர்சி உறுப்பினர் முடிக்கும் மைல்கள் அவர் பெயரிலும் குதிரை பெயரிலும் சேர்ந்துகொண்டே வரும். எல்டி மைலுக்குத் தனிக் கணக்கு, எண்டூரன்ஸ் மைலுக்குத் தனிக் கணக்கு. முதல் மைல்கல் 250. புதியவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒரே ஓட்டத்தில் சாதிக்க வேண்டும் என்ற பரபரப்பு தணியும். ஒரே குதிரையும் ஒரே சவாரிக்காரரும் பத்து ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு எண்டூரன்ஸ் ஓட்டமாவது முடித்தால் கிடைக்கும் ‘டெகேட் டீம்’ கௌரவத்தைப் பற்றியும் சொல்லுங்கள். இந்த விளையாட்டு எதை உயர்வாக நினைக்கிறது என்பதை அந்த ஒரு கௌரவமே காட்டிவிடும்.

‘அடுத்து 50 மைல் எப்போது?’ என்று அவசரப்படுத்தாதீர்கள். பயிற்சி தொடங்கிய சில மாதங்களில் குதிரையின் இதயமும் தசையும் வலுப்பெற்றுவிடும். எலும்பும் தசைநாணும் வலுப்பெற ஆண்டுகள் ஆகும். மூச்சு வாங்காமல் ஓடுவதைப் பார்த்துத் தயாராகிவிட்டது என்று நம்பித் தூரம் கூட்டுபவர்களின் குதிரைகள்தான் நொண்டுகின்றன. எல்டியிலேயே நிற்க விரும்புபவரை நிற்கவிடுங்கள்.

ஓட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு புதியவரையும் தொலைபேசியில் அழையுங்கள். குதிரை எப்படி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மருத்துவ அட்டையில் பி, சி வாங்கிய இடங்களைப் பற்றிப் பேசுங்கள், வீட்டில் எப்படிப் பயிற்சி கொடுக்கலாம் என்று ஆலோசனை சொல்லுங்கள், அருகில் நடக்கும் அடுத்த ஓட்டத்தின் தேதியைக் கொடுங்கள். வருகிற ஆண்டு உங்கள் ஓட்டத்தில் அவரைத் தன்னார்வலராக வந்து துடிப்பு எண்ணச் சொல்லுங்கள். பல குதிரைகளின் துடிப்பை ஒரே நாளில் எண்ணியவருக்குத் தன் குதிரையின் துடிப்பு சொல்வதும் புரியத் தொடங்கும். அதற்கடுத்த ஆண்டு, முதல்முறை வரும் இன்னொருவருக்கு அவரையே துணையாக அனுப்பலாம்.